பந்து இல்லாத பந்தாட்டம்!

மேடையில் ஒரு போட்டி நடக்கிறது. ஆனால் ஆட்டக்காரர்கள் இல்லை. மட்டை இல்லை. பந்தும் இல்லை!

பிறகு என்னதான் இருக்கிறது?

சில பெஞ்சுகள். அவற்றில் உட்கார்ந்து கத்தும் ரசிகர்கள். அவ்வளவுதான்!

இந்த நாடகத்தின் பெயர் "பிளீச்சர் பம்ஸ்". அதாவது, "வேலைவெட்டி இல்லாத பெஞ்சு ரசிகர்கள்". அமெரிக்காவில் கல்லூரி மாணவ-மாணவிகளும் இதை நடிப்பது உண்டு.

பிறந்த கதை

பேஸ்பால் என்றால் அமெரிக்கர்களுக்கு உயிர். கிரிக்கெட் போல அதுவும் மட்டை, பந்து ஆட்டம்தான். ஓர் அணிக்கு 9 பேர். ஆட்டத்துக்கு 9 சுற்று.

சிகாகோ நகரில் "கப்ஸ்" என்று ஒரு பேஸ்பால் அணி இருக்கிறது. அதன் சொந்த மைதானம், 1914-ல் கட்டப்பட்ட "ரிக்ளி" மைதானம். அங்கே கூரை இல்லாத பெஞ்சுகள் உண்டு. 1988 வரை அந்த மைதானத்தில் விளக்கே கிடையாது. பகலில்தான் ஆட்டம். ரசிகர்கள் வெயிலில் காய்ந்துகொண்டே பார்ப்பார்கள்.

"இவர்களையே நாடகம் ஆக்கினால் என்ன?" என்ற யோசனை ஜோ மாண்டேனியா என்ற நடிகருக்கு வந்தது. பிற்காலத்தில் சினிமாவில் புகழ் பெற்றவர் இவர். இவருடைய குழுவினர் எல்லோரும் சேர்ந்து நாடகத்தை உருவாக்கினார்கள். 1977-ல் அது அரங்கேறியது.

எல்லாம் கண்ணில்!

நடிப்பதற்கு இது சுலபமான நாடகம் அல்ல.

நடிகர்கள் சபையைப் பார்த்து உட்காருவார்கள். சபைதான் மைதானம்! பந்து பறந்தால், எல்லோருடைய கண்ணும் ஒரே இடத்துக்குப் போகவேண்டும். ஒருவர் இடது பக்கமும், இன்னொருவர் வலது பக்கமும் பார்த்தால் போச்சு! பந்து காணாமல் போய்விடும்.

இந்தக் கூட்டத்தில் பலவித மனிதர்கள். ஒருவருக்குக் கண் பார்வை கிடையாது. ஆனாலும் ஆட்டத்தை வர்ணிக்கிறார்! இன்னொருவர் பணம் வைத்துப் பந்தயம் கட்டுகிறார். அதுவும் எப்படி? கப்ஸ் தோற்கும் என்று!

தோற்றாலும் பாசம்

அவர் அப்படிப் பந்தயம் கட்டியதற்குக் காரணம் உண்டு. கப்ஸ் அணி 1908-ல் "உலகத் தொடர்" கோப்பையை வென்றது. அதன்பிறகு வெற்றியே இல்லை. நாடகம் அரங்கேறியபோது 69 ஆண்டுகள் ஓடிவிட்டன!

அப்படி இருந்தும் ரசிகர்கள் வந்தார்கள். சொந்தப் பிள்ளை பரீட்சையில் தவறினால், பெற்றவள் வீட்டை விட்டுத் துரத்துவாளா? அந்தப் பாசம்தான் இதுவும்.

ஜெயிக்கிற பக்கம் சேர யாராலும் முடியும். தோற்கிறவன் கூடவே நிற்பதற்குத்தான் மனம் வேண்டும். நாடகத்தின் உயிர் இதுதான்.

சுவரில் பெயர்கள்

2016-ல் அதிசயம் நடந்தது. கப்ஸ் அணி கோப்பையை வென்றது. 108 ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த வெற்றி!

சிகாகோ நகரமே ஆடிப் பாடியது. ஆனால் பலர் ரிக்ளி மைதானத்தின் செங்கல் சுவரைத் தேடி வந்தார்கள். சாக்கட்டியால் பெயர்களை எழுதினார்கள்.

அவை ஆட்டக்காரர்களின் பெயர்கள் மட்டும் அல்ல. இந்த வெற்றியைப் பார்க்காமலே இறந்துபோன அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி பெயர்கள்!

பெஞ்சில் உட்கார்ந்து கத்தியவர்களுக்கும் அன்று வெற்றியில் பங்கு கிடைத்தது.