கட்டளைப் பணமும் கல்லூரிப் பூட்டும்

நம் வீட்டுப் பிள்ளைகள் அமெரிக்காவுக்குப் படிக்கப் போவது இன்று அதிசயமான செய்தி அல்ல. பெரிய பல்கலைக்கழகங்களின் பெயர்கள் நமக்கு அத்துப்படி. ஆனால் ஆயிரம் மாணவர்கூட இல்லாத தனியார் கல்லூரிகளும் அங்கே நூற்றுக்கணக்கில் உண்டு. அவற்றில் சில நூறாண்டு கடந்தவை. அப்படிப்பட்ட ஒரு கல்லூரி 2015ஆம் ஆண்டு பூட்டும் நிலைக்குப் போய்த் திரும்பி வந்தது. வெர்ஜீனியா மாநிலத்தின் ஸ்வீட் பிரையர் மகளிர் கல்லூரிதான் அது. பள்ளியோ மண்டபமோ அறக்கட்டளையோ நடத்திப் பழகிய நம் சங்கத்தாருக்கு அந்தக் கதையில் தெரிந்த முகங்கள் பல தென்படும்.

கல்லூரி பிறந்தது ஒரு தாயின் உயிலில். இண்டியானா ஃப்ளெட்சர் வில்லியம்ஸ் என்ற அம்மையார் பெரும் தோட்டத்துக்கு உரிமையாளர். அவருடைய ஒரே மகள் டெய்ஸி 1884இல் பதினாறு வயதில் இறந்துபோனாள். மகளின் நினைவாக அங்கே பெண்களுக்கு ஒரு கல்விச்சாலை என்றென்றும் நடக்க வேண்டும் என்று அம்மையார் எழுதி வைத்து 1900இல் மறைந்தார். 1901இல் கல்லூரி பதிவாயிற்று, 1906இல் வகுப்புகள் தொடங்கின. 3,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம், குதிரை லாயம், செங்கல் கட்டடங்கள் என்று எல்லாமே அழகு. (அந்தத் தோட்டம் அடிமைகளின் உழைப்பில் செழித்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வெள்ளையர் பெண்களுக்கு மட்டுமே என்று உயிலில் இருந்த நிபந்தனையை நீக்க 1960களில் கல்லூரியே நீதிமன்றம் போக வேண்டியிருந்தது.)

2015 மார்ச் 3ஆம் தேதி, வரும் ஆகஸ்டோடு கல்லூரி மூடப்படும் என்று தலைவர் ஜேம்ஸ் ஜோன்ஸ் அறிவித்தார். அவர் முந்தைய ஆண்டுதான் இடைக்காலத் தலைவராக வந்தவர். அதற்கு முன் கனெக்டிகட் மாநிலத்தில் இன்னொரு கல்லூரியைப் பத்தாண்டு நடத்திய அனுபவசாலி. கேட்டவர்கள் திகைத்தார்கள். ஏனென்றால் கல்லூரியின் மூலநிதி அப்போது 8 கோடி டாலருக்கும் மேல். அவ்வளவு பணத்தை வைத்துக்கொண்டு ஏன் மூடணும்?

இங்கேதான் விஷயம் இருக்கிறது. நம் கோயில்களில் கட்டளை என்று ஒன்று உண்டல்லவா? சாயரட்சை விளக்குக்கென்று ஒருவர் நிலம் எழுதி வைத்திருப்பார். மதில் இடிந்து கிடந்தாலும் அந்த வருமானத்தை எடுத்துச் சுவர் எழுப்ப முடியாது. அமெரிக்கக் கல்லூரிகளின் மூலநிதியும் பெரும்பாலும் அப்படித்தான். ஒருவர் இசைப் பேராசிரியர் பதவிக்குக் கொடுத்திருப்பார், இன்னொருவர் ஏழை மாணவியின் படிப்புக்குக் கொடுத்திருப்பார். சம்பளம் போட, கூரை மாற்ற, பழைய கடனை அடைக்க அந்தப் பணம் உதவாது. ஸ்வீட் பிரையருக்குக் கடனும் இருந்தது, தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த பராமரிப்பு வேலையும் கோடிக்கணக்கான டாலருக்கு இருந்தது.

வரவுப் பக்கத்தில் நோய் வேறு. நகரத்தைவிட்டு ஒதுங்கிய சின்னக் கல்லூரியில், அதுவும் பெண்கள் மட்டும் படிக்கும் கல்லூரியில் சேர விரும்புவோர் குறைந்துகொண்டே வந்தார்கள். வளாகத்தில் 600 பேருக்கும் குறைவு. அவர்களைப் பிடித்து வைக்கக் கல்லூரி கட்டணத்தைத் தள்ளிக் கொடுத்தது. ஆடித் தள்ளுபடி மாதிரிதான்! அட்டையில் ஒரு விலை, கல்லாவில் ஒரு விலை. தள்ளுபடி அறுபது விழுக்காட்டை ஒட்டிப் போய்விட்டது. அதாவது அறிவித்த கட்டணம் 100 டாலர் என்றால் கைக்கு வந்தது சுமார் 40தான். இந்தத் தள்ளுபடிக்குப் பெயர் என்ன தெரியுமா? ‘ஸ்காலர்ஷிப்’. நம் வீட்டுக்கு வரும் சேர்க்கைக் கடிதத்தில் பெருமையாகக் காட்டப்படும் தொகையிலும் பல சமயம் பாதிக்கு மேல் இதுதான். வழங்கிய புரவலர் யாரும் கிடையாது, கல்லூரி தன் விலையைத் தானே குறைத்துக்கொண்டதுதான்.

ஜோன்ஸும் நிர்வாகக் குழுவும் கணக்கை இப்படிப் படித்தார்கள்: இன்னும் சில ஆண்டு இழுத்தால் இருப்பது கரைந்துவிடும், கையில் காசு இருக்கும்போதே மூடினால் ஊழியருக்கு ஏதாவது கொடுக்கலாம், மாணவியரை வேறு கல்லூரிகளில் ஒழுங்காகச் சேர்க்கலாம். இதைப் பைத்தியக்கார யோசனை என்று நான் சொல்ல மாட்டேன். 2018இல் பாஸ்டன் அருகே மவுன்ட் ஐடா கல்லூரி சில வார அவகாசத்தில் கதவை அடைத்தபோது மாணவர்கள் பட்ட பாட்டைப் பார்த்தால் இதன் நியாயம் விளங்கும். ஆனால் ரகசியமாக முடிவெடுத்ததற்கு என்ன நியாயம்? எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா, கை நீட்டினீர்களா என்று பழைய மாணவியர் கேட்டார்கள். பேராசிரியர்கள் குழுவின்மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் போட்டார்கள்.

பழைய மாணவியர் கோபத்தோடு நிற்கவில்லை. சங்கம் பதிவு செய்து, வக்கீல் வைத்து, ஊர் ஊராகப் பணம் திரட்டினார்கள். கல்லூரி இருக்கும் ஆம்ஹர்ஸ்ட் கவுன்ட்டியின் அரசு வழக்கறிஞரே வழக்குத் தொடுத்தார். அந்த அம்மாளின் உயில் ஓர் அறக்கட்டளை, அதைக் குழுவின் இஷ்டத்துக்குக் கலைக்க முடியாது என்பது வாதம். கல்லூரி ஒரு கார்ப்பரேஷன் என்பதால் அறக்கட்டளைச் சட்டம் அதற்குப் பொருந்தாது என்று கீழ் நீதிமன்றம் கருதியது தவறு என்று ஜூன் மாதம் மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிற்று. பிறகு சமரசம் விரைவாக வந்தது. மாநிலத் தலைமை வழக்கறிஞர் மார்க் ஹெரிங் நடுவில் நின்றார். பழைய மாணவியர் தரப்பு 1 கோடியே 20 லட்சம் டாலர் தர வேண்டும்; மூலநிதியில் 1 கோடியே 60 லட்சம் டாலருக்கு இருந்த கட்டு தளர்த்தப்படும்; குழுவில் பலர் விலகிப் புதியவர்களுக்குப் பெரும்பான்மை தர வேண்டும்; ஜோன்ஸ் பதவி விலக வேண்டும். பணம், சட்டம், நாற்காலி மூன்றும் ஒரே ஒப்பந்தத்தில் கைமாறின. ஒன்று குறைந்திருந்தாலும் காரியம் நடந்திருக்குமா என்பது சந்தேகமே.

ஜூலையில் வந்த புதிய தலைவர் ஃபிலிப் ஸ்டோன் வழக்கறிஞர், முன்னொரு கல்லூரித் தலைவரும்கூட. அவர் கைக்கு வந்ததோ காலிக் கூடு மாதிரி. மூடப்போகிறார்கள் என்ற செய்தியால் மாணவியர் வேறு இடங்களில் சேர்ந்துவிட்டார்கள், ஆசிரியர்கள் வேறு வேலை தேடிக்கொண்டார்கள். அந்த இலையுதிர் காலத்தில் வகுப்பு தொடங்கியபோது முன்பிருந்ததில் ஏறத்தாழப் பாதிப் பேர்தான். ஒரு கல்லூரிக்கு மூடுவிழா அறிவிப்பே பாதி மூடுவிழா.

2017இல் தலைமை மெரிடித் வூ கைக்குப் போனது. கொரியாவில் பிறந்தவர். அவர் தொட்டது அந்த ஆடித் தள்ளுபடியைத்தான். விலையை ஏற்றித் தள்ளிக் கொடுக்கும் விளையாட்டை விட்டுவிட்டு, கல்விக் கட்டணத்தை நேரடியாகக் குறைத்து 21,000 டாலராக்கினார். துறைகளை மூன்று மையங்களாகச் சுருக்கினார், ஆசிரியர் பணியிடங்களையும் குறைத்தார். இதில் வருத்தப்பட்டவர்கள் உண்டு. சும்மா கிடந்த நிலத்தில் திராட்சைத் தோட்டம், பசுமைக் குடில், தேனீப் பெட்டிகள் வந்தன.

எல்லாக் கல்லூரிக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. கலிஃபோர்னியாவின் மில்ஸ் மகளிர் கல்லூரி 2022இல் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தோடு இணைந்து தனிப்பெயரை இழந்தது. 2007க்குப் பிறகு அங்கே பிறப்பு விகிதமும் சரிந்ததால் பதினெட்டு வயதுப் பிள்ளைகள் இனிக் குறைவார்கள் என்பது எல்லோரும் அறிந்த கணக்கு. ஆகவே பிள்ளையைச் சிறு கல்லூரிக்கு அனுப்ப நினைக்கும் பெற்றோர் ஒரு காரியம் செய்யலாம். லாப நோக்கில்லாத அமெரிக்கக் கல்லூரிகளில் பெரும்பாலானவை வருமான வரித் துறைக்கு ஆண்டுதோறும் தரும் 990 என்ற படிவம் பொதுமக்கள் பார்வைக்கு உரியது, இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். மூன்று நான்கு ஆண்டுப் படிவங்களை அடுக்கி வைத்து வரவு, செலவு, கடன் மூன்றையும் பாருங்கள். தலைவர் எத்தனை முறை மாறினார் என்பதையும் பாருங்கள். கல்லூரியின் வண்ணப் புத்தகத்தில் இதெல்லாம் இருக்காது.

ஸ்வீட் பிரையரில் 2023இல் மேரி போப் ஹட்சன் தலைவரானார். 1983இல் அங்கேயே பட்டம் பெற்றவர். பழைய மாணவி ஒருவர் அந்த நாற்காலியில் அமர்ந்தது அதுவே முதல் தடவை. மாணவியர் தொகை அப்போதும் 2014ஆம் ஆண்டு அளவுக்குத் திரும்பியிருக்கவில்லை. பழைய மாணவியர் ஆண்டுதோறும் அனுப்பும் நன்கொடையை நம்பித்தான் வரவு செலவுத் திட்டம் போடப்பட்டது.