பட்டியலில் இல்லாத கணினி

சென்ற தவணையின் தேர்வு மதிப்பெண்களைப் பதிந்துகொண்டிருந்தேன். மடிக்கணினித் திரையின் மூலையில் ஓர் அறிவிப்பு வந்தது: இன்று மாலை 5 மணிக்குக் கணினி தானாக மறுதொடக்கம் ஆகும். அதற்கு முந்தைய நான்கு நாள்களாக 'பிறகு நினைவூட்டு' என்ற பொத்தானையே தட்டிவந்திருந்தேன். இம்முறை அந்தப் பொத்தானைக் காணோம். எரிச்சலுடன் பள்ளியின் கணினிப் பராமரிப்பாளரிடம் போனேன். உங்கள் அலுவலகத்திலும் நீங்கள் ஒருமுறையாவது இப்படி முணுமுணுத்திருப்பீர்கள்.

அவர் என்னுடன் வாதாடவில்லை. தம் திரையைத் திருப்பிக் காட்டினார். பள்ளியிலுள்ள கணினிகளின் நீண்ட பட்டியல் அதில் இருந்தது. பெரும்பாலானவற்றுக்கு எதிரே பச்சைப் புள்ளி, சிலவற்றுக்கு மஞ்சள். ஒன்றுக்கு மட்டும் சாம்பல் நிறம். அது கடைசியாகத் தொடர்புகொண்டு 11 மாதங்கள் ஆகியிருந்தன. இயற்பியல் ஆய்வகத்தின் பின்மூலையில், வெப்பநிலையைப் பதியும் டேட்டா லாகர் கருவியோடு இணைந்திருக்கும் பழைய கணினி அது. ஒருமுறை புதுப்பிப்பு வந்து லாகரின் மென்பொருள் இயங்காமல் போனதால், அதன் புதுப்பிப்புச் சேவையை நிறுத்தி வைத்திருந்தவன் நான்தான்.

இதில் என்ன பெரிய ஆபத்து என்று கேட்கிறீர்களா? 2018ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். அவ்வாண்டு ஜூன் 27 முதல் ஜூலை 4 வரை, சிங்ஹெல்த் தரவுத்தளத்திலிருந்து ஏறத்தாழ 1.5 மில்லியன் நோயாளிகளின் சொந்த விவரங்கள் திருடப்பட்டன. ஏறத்தாழ 160,000 பேருக்கு வழங்கப்பட்ட மருந்துகளின் விவரங்களும் போயின. அவர்களில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கும் ஒருவர். உங்கள் வீட்டில் யாருக்காவது அது குறித்த குறுஞ்செய்தி வந்திருக்கலாம்.

விசாரணைக் குழுவின் அறிக்கை 2019 ஜனவரியில் வெளிவந்தது. தாக்கியவர்கள் முதலில் கால் வைத்தது ஒரு சாதாரண அலுவலகக் கணினியில். பின்னர் அதில் ஊடுருவல் கருவி ஒன்றைப் புகுத்த, அவுட்லுக் மின்னஞ்சல் மென்பொருளில் இருந்த ஓட்டை கைகொடுத்தது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் அப்போதே கிடைத்தது. அந்தக் கணினியில் அது சேர்க்கப்படவில்லை, அவ்வளவுதான். அவர்கள் பயன்படுத்திக்கொண்ட சர்வர்களில் ஒன்று தேசியப் புற்றுநோய் நிலையத்தில் இருந்தது. அதற்கு ஓராண்டுக்கும் மேலாகப் பாதுகாப்புத் திருத்தங்கள் போய்ச் சேரவில்லை என்பது விசாரணையில் தெரியவந்தது. அதைக் கவனித்துவந்தவருக்கு அது அதிகாரபூர்வப் பணியும் அல்ல. முன்பு பார்த்துக்கொண்டவர்கள் விலகியதால் அவர் கைக்கு வந்து சேர்ந்த சர்வர் அது. இதைப் படித்தபோது எனக்கு என் ஆய்வக மூலைதான் நினைவுக்கு வந்தது.

திருத்தம் வெளிவந்துவிட்டதே, இனி ஓட்டை பழைய செய்திதானே என்று தோன்றும். உண்மை நேர்மாறானது. திருத்தம் வெளியான நாளில்தான் ஓட்டை எங்கே இருக்கிறது என்பது ஊருக்கே தெரிகிறது. பழைய கோப்பையும் புதிய கோப்பையும் அருகருகே வைத்து, எந்த வரிகள் மாறியுள்ளன என்று ஒப்பிட்டால் போதும். திறமையுள்ள ஒருவர் அதற்கான திறப்பைச் செய்துவிடுவார். மைக்ரோசாஃப்ட் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை திருத்தங்களை வெளியிடுகிறது. நமக்கு அது புதன்கிழமை அதிகாலை. அந்த நிமிடத்திலிருந்து ஒரு பந்தயம் தொடங்கிவிடுகிறது.

சில நூறு கணினிகள் உள்ள அலுவலகத்தில் அந்தப் பந்தயத்தை ஒவ்வோர் ஊழியரின் விருப்பத்துக்கு விட முடியாது. அதனால் நடுவில் ஒரு சர்வரை வைக்கிறார்கள். விண்டோஸ் கணினிகளுக்கு இவ்வேலையைச் செய்ய டபிள்யூஎஸ்யூஎஸ் என்ற மென்பொருள் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. இப்போது பல நிறுவனங்கள் இணையவழிச் சேவைகளுக்கு மாறிவருகின்றன. அந்த சர்வர் திருத்தத்தை ஒரே ஒருமுறை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்கிறது. முதலில் பத்துப் பதினைந்து கணினிகளுக்கு மட்டும் கொடுக்கிறது. அவற்றில் சிக்கல் இல்லை என்றால் அடுத்த பிரிவுக்கு, பிறகு எல்லாருக்கும். கெடு முடிந்தால் மறுதொடக்கம். என்னை எரிச்சலூட்டியது அந்தக் கெடுதான். இவ்வளவும் விநியோக வேலை. இவற்றைவிட முக்கியம் பதில் வாங்குவது என்பேன். திருத்தம் சேர்ந்ததா, தோற்றதா, எந்தக் கணினி வாயே திறக்கவில்லை என்று சர்வருக்குத் தெரிய வேண்டும்.

டெங்கித் தடுப்பைப் போலத்தான் இதுவும். தேசியச் சுற்றுப்புற வாரிய அதிகாரிகள் புளோக்கில் எல்லா வீடுகளையும் சோதித்துவிட்டு, பூட்டிக் கிடக்கும் ஒரு வீட்டை விட்டுவிட்டால், கொசு அங்குள்ள பூச்சாடித் தட்டில் முட்டையிட்டுக்கொள்ளும்.

2017இல் நடந்ததும் ஏறக்குறைய அதுதான். விண்டோஸின் கோப்புப் பகிர்வு முறையிலிருந்த ஓட்டைக்கு மார்ச் 14ஆம் தேதியே திருத்தம் வந்தது. ஏப்ரலில் அந்த ஓட்டையைத் துளைக்கும் கருவி இணையத்தில் கசிந்தது. மே 12ஆம் தேதி 'வன்னாகிரை' பரவத் தொடங்கியது. இடையில் 59 நாள்கள். பிரிட்டனில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. இங்கே தியோங் பாரு பிளாசா கடைத்தொகுதியில், கடைகளைத் தேடிப் பார்க்கும் திரையில் பிணைப்பணம் கேட்கும் வாசகம் தோன்றியது. அந்தத் திரைக்குள்ளும் ஒரு விண்டோஸ் கணினி இருக்கிறது என்று வாடிக்கையாளர்களில் எத்தனை பேர் நினைத்திருப்பார்கள்?

திருத்தம் சேராத கணினியையும் அன்று ஒன்று காப்பாற்றியிருக்கும்: தீச்சுவர், அதாவது ஃபயர்வால். ஒரு கணினியோடு பேச 65,535 வாயில் எண்கள் உள்ளன. கோப்புப் பகிர்வுக்கு 445. வன்னாகிரை அந்த எண்ணைத் தட்டித்தான் கணினிக்குக் கணினி தாவியது. தீச்சுவரின் அடிப்படை விதி எளியது. நீங்கள் கேட்டதற்கு வரும் பதிலை உள்ளே விடும். கேட்காமல் வந்து கதவைத் தட்டுவதை மறுக்கும். இணையத்தை நோக்கிய தீச்சுவர்களைச் சரியாக நிர்வகித்திருந்தாலே அந்தத் தொற்றைத் தடுத்திருக்கலாம் என்று பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகம் பின்னர் கூறியது.

ஆனால் அலுவலகத்தின் வாசலில் மட்டும் சுவர் எழுப்பினால் போதாது. யாரோ ஒருவர் தொற்றுள்ள மடிக்கணினியை வீட்டிலிருந்து உள்ளே கொண்டுவந்துவிட்டால், அடுத்த மேசை வரை தடையே இல்லை. எனவே ஒவ்வொரு கணினியிலும் உள்ள தீச்சுவருக்கும் ஒரே இடத்திலிருந்து விதி அனுப்புகிறார்கள். உங்கள் கணினி கோப்பு சர்வரோடு பேசலாம். பக்கத்து இருக்கைக்காரரின் கணினியோடு 445இல் பேச வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை. ஊழியர் அதை அணைக்கவும் முடியாது. அச்சுப்பொறி வேலை செய்யவில்லை என்று ஒரு நாள் திறந்துவிட்ட வாயில், ஆண்டுக்கணக்கில் திறந்தே கிடப்பதும் இதனால் குறைகிறது.

ஒரே கையில் சாவி இருப்பதால் வரும் ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். 2024 ஜூலை 19ஆம் தேதி, கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்குப் பிழையான கோப்பு ஒன்று அனுப்பப்பட்டது. உலகெங்கும் ஏறத்தாழ 8.5 மில்லியன் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு நின்றன. சாங்கி விமான நிலையத்திலும் சில விமான நிறுவனங்கள் பயணிகளைக் கைமுறையாகப் பதிவுசெய்தன. அந்நிறுவனம் 78 நிமிடங்களில் கோப்பைத் திரும்பப் பெற்றது. ஆனால் இயங்காத கணினிக்குத் திருத்தத்தை எப்படி அனுப்புவது? பல இடங்களில் ஒவ்வொரு கணினியின் முன்னும் ஒருவர் உட்கார்ந்து அக்கோப்பை நீக்க வேண்டியிருந்தது. பிரிவு பிரிவாகப் புதுப்பிக்க ஏற்பாடு செய்திருந்த நிறுவனங்களும் தப்பவில்லை. அந்த வகைக் கோப்பு அந்த ஏற்பாட்டுக்கு உட்படாமல் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் போனதுதான் காரணம். பத்துப் பதினைந்து கணினிகளில் முதலில் சோதிப்பதை நேர விரயம் என்று சொல்வோருடன் எனக்கு அதன்பின் உடன்பாடில்லை.

என் ஆய்வகக் கணினிக்கு வருகிறேன். புதிய இயங்குதளத்தில் லாகர் மென்பொருள் ஓடாது. புதிய லாகர் வாங்க இவ்வாண்டு நிதி இல்லை. பராமரிப்பாளர் அதை மற்றக் கணினிகளிலிருந்து பிரித்துத் தனி வலைப்பிரிவில் போட்டார். தீச்சுவரில் ஒரே ஒரு வழி விட்டார்: வரைபடங்களைச் சேமிக்கும் பகிர்வுக் கோப்புறைக்கு மட்டும். இணையம் கிடையாது. பனிக்கட்டி உருகும் வளைகோடு இப்போதும் என் மடிக்கணினிக்கு வந்து சேர்கிறது. அந்தக் கணினியில் இனி யூடியூப் பார்க்க முடியாது என்று உயர்நிலை மூன்று மாணவர்கள்தான் குறைப்பட்டுக்கொண்டார்கள். அங்கே யூடியூப் ஓடியிருக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

பட்டியலில் அதற்கு எதிரே இன்னும் பச்சைப் புள்ளி இல்லை. 'விதிவிலக்கு, டிசம்பர் வரை' என்று எழுதி, பக்கத்தில் பொறுப்பாளர் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டிருக்கிறார்கள்.