நாலு மணிக்கு மேல யார் கணக்கு?

இது போன எபிசோடோட எழுத்து வடிவம். பேசும்போது வந்த இழுவையையெல்லாம் வெட்டிட்டேன். கணக்கு வர்ற இடங்களை மட்டும் கொஞ்சம் நிதானமா எழுதியிருக்கேன். போன், கால்குலேட்டர் பக்கத்துல இருந்தா நல்லது.

இந்த எபிசோட் ஆபீஸ் கேன்டீன்லதான் ஆரம்பிச்சது. டல்லாஸ்ல ரெண்டு வருஷம் ஆன்சைட் இருந்துட்டு வந்த டீம்மேட் ஒருத்தன், "அங்க ஸ்கூல் ஃபுட்பால் கோச்சுக்கு மேத்ஸ் டீச்சரைவிட அதிக சம்பளம், தெரியுமா?"ன்னான். யாரும் நம்பல. தேடிப் பார்த்தா, உண்மைதான். 2006-ல ஆஸ்டின் அமெரிக்கன்-ஸ்டேட்ஸ்மன் பத்திரிகை டெக்சாஸ்ல பெரிய உயர்நிலைப் பள்ளிகளோட கணக்கை எடுத்துப் போட்டாங்க. தலைமை ஃபுட்பால் கோச்சோட சராசரி ஆண்டுச் சம்பளம் 73,804 டாலர். ஆசிரியர்களோட சராசரி சுமார் 42,400 டாலர். ஒண்ணே முக்கால் மடங்கு. (ஃபுட்பால்னா நம்ம கால்பந்து இல்ல. ஹெல்மெட் மாட்டிக்கிட்டு முட்டுவாங்களே, அந்த அமெரிக்க ஃபுட்பால்.)

அந்த ஊர்ல இந்த விளையாட்டு மேல எவ்வளவு வெறின்னு புரியணும்னா ஒரு உதாரணம் போதும். டல்லாஸ் பக்கத்துல ஆலன்னு ஒரு ஊர். ராஜபாளையத்தைவிடச் சின்னது. 2012-ல அங்க ஒரு உயர்நிலைப் பள்ளிக்கு ஸ்டேடியம் திறந்தாங்க. செலவு 6 கோடி டாலர், இருக்கை 18,000.

கேன்டீன்ல எல்லாரும் சிரிச்சோம். "நம்ம பி.டி. சாருக்கு இப்படிக் கிடைச்சிருந்தா, நம்ம பி.டி. பீரியடைக் கணக்கு டீச்சருக்குக் கடன் கொடுத்திருக்கவே மாட்டாரு"ன்னு ஒருத்தன் சொன்னான். நானும் சிரிச்சேன். ஆனா எனக்கு ஒரு ஆள் ஞாபகம் வந்துட்டார்.

நான் ராஜபாளையத்துக்காரன். என் சித்தி வீடு ஸ்ரீவில்லிபுத்தூர். இடையில பன்னெண்டு கிலோமீட்டர்கூட இருக்காது. சித்தி பொண்ணு, என் தங்கச்சி, 400 மீட்டர் ஓடுவா. அரசுப் பள்ளியில படிச்சவ. விளையாட்டு ஒதுக்கீட்டுலதான் அவளுக்கு இன்ஜினியரிங் சீட் கிடைச்சது. அவளை ஓட வச்சது அந்தப் பள்ளியோட பி.டி. சார். அவர் பேர் இங்க வேண்டாம்.

போன ஆடிப்பூரத் தேருக்குச் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். திரும்பும்போது ஆபீஸுக்குப் பால்கோவா வாங்கக் கடைக்குப் போனா, உள்ள உட்கார்ந்து பால்கோவாவை எடை போட்டு டப்பா கட்டிக்கிட்டு இருந்தார் சார். தங்கச்சி, "சார்!"னு கத்துனா. அவர் கையைத் துடைச்சிட்டு எழுந்து வந்து, "என்னம்மா, டைமிங் எவ்வளவு வச்சிருக்க இப்போ?"ன்னுதான் முதல்ல கேட்டார். பள்ளிக்கூடத்துல அவர் பகுதி நேர ஆசிரியர். சாயங்காலம் கடையில வேலை.

பகுதி நேர ஆசிரியர்னா என்னன்னு எனக்கு அன்னிக்குச் சரியா தெரியாது. உங்களுக்கும் தெரியாம இருக்கலாம். அதனால முதல்ல அந்தக் கதை.

'பகுதி நேரம்' எங்கிருந்து வந்துச்சு?

2009-ல நாடாளுமன்றத்துல கல்வி உரிமைச் சட்டம் வந்துச்சு. அதோட கடைசியில ஒரு அட்டவணை இருக்கு. ஒரு பள்ளியில எத்தனை பிள்ளைங்களுக்கு எத்தனை ஆசிரியர்னு அதுதான் சொல்லுது. ஆறாம் வகுப்புல இருந்து எட்டாம் வகுப்பு வரைக்கும் 100 பிள்ளைங்களுக்கு மேல இருந்தா, முழு நேரத் தலைமை ஆசிரியர் ஒருத்தர் வேணும். கூடவே ஓவியம் மாதிரியான கலைக் கல்விக்கும், உடல்நலம் - உடற்கல்விக்கும், தொழிற்கல்விக்கும் பகுதி நேரப் பயிற்றுநர்கள் வேணும். 'பகுதி நேரம்'ங்கிற வார்த்தை சட்டத்துலயே இருக்கு.

2011 நவம்பர்ல தமிழ்நாடு அரசு அரசாணை போட்டுச்சு. 16,549 பகுதி நேர ஆசிரியர் பணியிடங்கள். உடற்கல்வி, ஓவியம், இசை, தையல், கணினின்னு பல பாடங்கள். அனைவருக்கும் கல்வி இயக்கத்தோட பணத்துல 2012-ல வேலைக்கு எடுத்தாங்க. வாரத்துக்கு மூணு அரை நாள். மாசச் சம்பளம் 5,000 ரூபாய்.

அதுக்கப்புறம் சம்பளம் ஏறின கதை இதுதான்: 2014-ல 7,000. 2017-ல 7,700. 2021-ல 10,000. 2024-ல 12,500. 2014-க்கும் 2021-க்கும் நடுவுல ஏழு வருஷத்துல ஏறினது வெறும் 700 ரூபாய். பல வருஷமா மே மாசத்துக்குச் சம்பளமே கொடுக்கல. பணி நிரந்தரம் செய்வோம்னு 2021 தேர்தல்ல தி.மு.க. அறிக்கையில 181-ஆவது வாக்குறுதியா இருந்துச்சு. அது நடக்கலன்னு 2023-ல சென்னை டி.பி.ஐ. வளாகத்துல அவங்க உட்கார்ந்து போராடினதை நியூஸ்ல பார்த்திருப்பீங்க.

நான் போட்ட முதல் கணக்கு

இங்க நேர்மையா ஒண்ணு சொல்லணும். 12,500-ன்னு கேட்டதும் எனக்குக் கோபம் வந்துச்சு. ஆனா அது அரை நாள் வேலைக்கான காசு. அதை முழு நாள் சம்பளத்தோட வச்சுப் பார்க்கிறது நியாயமில்ல. அதனால மணிக்கணக்கு போட்டேன்.

அதே ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்குற நிரந்தரப் பட்டதாரி ஆசிரியரோட தொடக்க அடிப்படைச் சம்பளம் 36,400. 2024 ஜனவரியில அகவிலைப்படி 50 சதவீதம். ரெண்டும் சேர்த்தா 54,600. மாசம் 22 நாள், நாளுக்கு 7 மணி நேரம்னு வச்சா 154 மணி நேரம். வகுத்தா மணிக்கு 354 ரூபாய்.

பகுதி நேர ஆசிரியருக்கு வாரம் மூணு அரை நாள்னா மாசம் பன்னெண்டு அரை நாள். அரை நாளுக்கு மூணு மணி நேரம்னா 36 மணி நேரம். 12,500-ஐ வகுத்தா மணிக்கு 347 ரூபாய்.

354, 347. வித்தியாசம் ஏழு ரூபாய்! நானே எதிர்பார்க்கல. வீட்டு வாடகைப்படியை விட்டுட்டேன், உண்மைதான். ஆனா காகிதத்துல பார்த்தா அரசு பெருசா ஏமாத்தல. 'பாதிக்கும் குறைவான நேரம், அதுக்கேத்த காசு'ன்னு யாராவது வாதாடினா இந்தக் கணக்கு அவங்க பக்கம்தான் நிக்கும்.

அப்போ சார் ஏன் பால்கோவா கடையில உட்கார்ந்திருக்கார்?

முதல் காரணம், மீதி நேரத்தை விக்க முடியாது. வாரத்துல மூணு அரை நாளை விட்டுட்டு மிச்சத்துக்கு யார் வேலை கொடுப்பா? ராஜபாளையம் பஞ்சாலையில ஷிப்ட் எட்டு மணி நேரம். சத்திரப்பட்டியில மருத்துவத் துணி நெய்யுற தறியும் அப்படித்தான், பாதியில விட்டுட்டு "பி.டி. பீரியட் இருக்கு"ன்னு கிளம்ப முடியாது. கடைசியில கிடைக்கிறது ராத்திரி வேலை, கடை வேலை, விசேஷ நாள் வேலை.

ரெண்டாவது காரணம், அனுபவத்துக்கு இந்தச் சம்பளத்துல இடமே இல்ல. நிரந்தர ஆசிரியருக்கு வருஷா வருஷம் ஊதிய உயர்வு, ஆறு மாசத்துக்கு ஒரு தடவை அகவிலைப்படி. பன்னெண்டு வருஷம் கழிச்சு அவர் வாங்குறது தொடக்கச் சம்பளம் இல்ல. பகுதி நேர ஆசிரியர் பன்னெண்டாவது வருஷத்துலயும் தொகுப்பூதியம்தான், யாராவது அறிவிச்சாதான் ஏறும்.

இந்த ரெண்டையும் சாரே சொன்னார். மூணாவதை அவர் சொல்லல. தங்கச்சிதான் சொன்னா.

ரெண்டாவது கணக்கு

அவ எட்டாம் வகுப்பு படிச்சது 2018-ல. அப்போ சாருக்குச் சம்பளம் 7,700. பயிற்சி காலையில 6 மணியில இருந்து 7.30 வரைக்கும். சாயங்காலம் 4.30-ல இருந்து 6 வரைக்கும். வாரத்துல ஆறு நாள். "அவருக்கு ஸ்கூல் இல்லாத நாள்லயும் கிரவுண்டுக்கு வந்துடுவாருண்ணே"ன்னா.

நாளுக்கு மூணு மணி நேரம், ஆறு நாள், நாலு வாரம். 72 மணி நேரம். இது ரெஜிஸ்டர்ல எங்கயும் இல்ல. ரெஜிஸ்டர்ல இருக்குற 36-ஐயும் சேர்த்தா 108. 7,700-ஐ 108-ஆல வகுத்தா மணிக்கு 71 ரூபாய். ஞாயித்துக்கிழமை விருதுநகர்ல நடக்குற போட்டிக்கு அஞ்சாறு பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டுப் போன பஸ் காசை நான் கழிக்கவே இல்ல.

இப்போ டெக்சாஸுக்குத் திரும்பப் போவோம். அங்க கோச்சுக்கு ஏன் அதிகம்? டிக்கெட் வருமானம், ஊர்ப் பெருமை, ஜெயிக்கலன்னா வேலை போயிடும்ங்கிற ரிஸ்க், எல்லாம் உண்டு. பெரிய பள்ளிகள்ல தலைமை கோச் பல நேரம் மொத்த விளையாட்டுப் பிரிவையே நிர்வகிப்பார். ஆனா அதுக்கெல்லாம் அடியில ஒரு சாதாரண நிர்வாக விஷயம் இருக்கு. பள்ளி முடிஞ்சு நடக்குற பயிற்சி அங்க 'வேலை'ன்னு எழுதப்பட்டிருக்கு. கோச்சோட ஒப்பந்தத்துல ஆசிரியரைவிட அதிக நாட்கள் இருக்கும். பாடமும் எடுத்து பயிற்சியும் கொடுக்கிறவங்களுக்குத் தனிப்படி உண்டு. அது அதிகமா குறைவாங்கிறது வேற சண்டை. முதல்ல அந்த நேரம் கணக்குல இருக்கு.

நம்ம சட்டம் உடற்கல்வியைப் பார்த்தப்போ பீரியடை மட்டும்தான் பார்த்துச்சு. வாரத்துக்கு இத்தனை பீரியட், அதுக்கு அரை நாள் போதும்னு முடிவு. ஓட்டமும் கபடியும் பீரியட்லயா கத்துக்கிறாங்க? விடியக்காலையிலயும் நாலு மணிக்கு மேலயும்தானே. வேலையோட பெரிய பாதி நடக்குற நேரத்தைக் கணக்குல இருந்து வெட்டிட்டா, அந்த வேலை 'பகுதி நேர'மாத்தான் தெரியும். எங்க தொழில்ல டெம்ப்ரரியா போட்ட ஒரு பேட்ச் வருஷக்கணக்கா புரொடக்‌ஷன்ல ஓடிக்கிட்டு இருக்கும். யாரும் தொட மாட்டாங்க, ஏன்னா வேலை நடக்குதே! இதுவும் அப்படித்தான். சார் காசு வாங்காம கிரவுண்டுக்கு வர்றதாலதான் இந்தத் திட்டம் ஓடுது.

இதுக்கு விலை போட முடியாதா?

போடலாம். 2024 விலையிலயே பார்ப்போம். 72 மணி நேரம், மணிக்கு 347 ரூபாய். பெருக்கினா 24,984. கிட்டத்தட்ட 25,000.

இந்த 25,000 எங்கயோ பார்த்த மாதிரி இருக்கேன்னு தேடினேன். மத்திய அரசோட கேலோ இந்தியா திட்டத்துல மாவட்ட அளவுல சின்ன மையங்கள் இருக்கு. அங்க பயிற்சி கொடுக்குற முன்னாள் வீரருக்கு ஆண்டுக்கு 3 லட்சம் மதிப்பூதியம். மாசத்துக்கு 25,000! ஆக, பிள்ளைங்களுக்கு காலையும் மாலையும் பயிற்சி கொடுக்குற வேலைக்கு அரசுகிட்ட ஏற்கனவே ஒரு விலை இருக்கு. 'பயிற்சியாளர்'ங்கிற பேர்ல செஞ்சா கிடைக்குது. 'பகுதி நேர ஆசிரியர்'ங்கிற பேர்ல செஞ்சா கிடைக்காது.

பிள்ளைங்க பக்கம் அரசு இப்போ நல்லாவே செலவு பண்ணுது. முதலமைச்சர் கோப்பையில மாநில அளவுல தனிநபர் பிரிவுல முதலிடம் வந்தா 1 லட்சம் ரூபாய். ரொம்ப நல்ல விஷயம், இன்னும் கொடுக்கட்டும். அந்த 1 லட்சம் 2024-ல சாரோட எட்டு மாசச் சம்பளமா இருந்துச்சுங்கிறதையும் சேர்த்து ஞாபகம் வச்சுக்கோங்க.

எல்லாரையும் நிரந்தரமாக்கினா தீர்ந்துடுமான்னு கேட்பீங்க. அதுக்குள்ள ஒரு நியாயமான எதிர்க்கேள்வி இருக்கு. டி.ஆர்.பி. தேர்வு எழுதிட்டு, அதே உடற்கல்வி வேலைக்காகக் காத்திருக்கிற இளைஞர்களும் உண்டு. "நாங்க தேர்வு எழுதணும், அவங்க வேண்டாமா?"ன்னு அவங்க கேட்கிறதைத் தள்ளிவிட முடியாது. அந்த வழக்கு தீர்ற வரைக்கும் ஒண்ணாவது செய்யலாம்: நாலு மணிக்கு மேல நடக்குற பயிற்சியை ரெஜிஸ்டர்ல ஏத்தணும், மணிக்கணக்குல காசு கொடுக்கணும். அதுக்கு யாரையும் நிரந்தரமாக்கத் தேவையில்ல. இன்னொருத்தர் வாய்ப்பும் போகாது.

இந்த ரெண்டு கணக்கையும் அன்னிக்குக் கடை வாசல்ல நின்னு போன்லயே போட்டு சார்கிட்ட காட்டினேன். 71 ரூபாய்ங்கிற நம்பரைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தம்பி, இந்தக் கணக்கை நான் போட்டதே இல்ல. போட்டிருந்தா விசிலை அன்னிக்கே கழட்டி வச்சிருப்பேன். இப்போ ஏழு பேர் ஓடுறாங்க. அவங்ககிட்ட காட்டிடாதீங்க"ன்னுட்டு உள்ள போயிட்டார். டப்பா நிறைய பாக்கி இருந்துச்சு.

நான் சென்னைக்குப் பொதிகையில திரும்பும்போது யோசிச்சது ஒண்ணுதான். அவர் கணக்கு போடாம இருக்கிறது அவரோட நல்ல மனசு. நாமளும் போடாம இருந்தா அதுக்கு அந்தப் பேர் கிடையாது.

அதனால ஒரு சின்ன ஹோம்வொர்க். அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது நீங்க படிச்ச பள்ளிக்கூடத்துப் பக்கம் சாயங்காலம் அஞ்சு மணிக்குப் போங்க. கிரவுண்ட்ல விசிலோட யார் நிக்கிறாங்கன்னு பாருங்க. அந்த நேரத்துக்கு அவருக்குச் சம்பளம் உண்டான்னு கேளுங்க. பதிலை வாய்ஸ் நோட்டா அனுப்புங்க, பேரும் பள்ளிப் பேரும் வேண்டாம். எல்லாத்தையும் தொகுத்து ஒரு எபிசோட் போடலாம்.

அடுத்த வாரம் பார்ப்போம் மக்களே.