எஞ்சினின் மூச்சும் இரும்பின் ஒட்டும்

மாரிப் போகம் விளைந்து அறுவடை தொடங்கிவிட்டால், வன்னிப் பெருநிலப்பரப்பில் உழவு இயந்திரங்களுக்கு ஓய்வு என்பது கிடையாது. நெல்மூடை ஏற்றிய பெட்டியின் கொளுவி நடுவயலில் முறிந்து போகுமானால், அதனைப் பட்டறைக்கு இழுத்துச் செல்வதினும் பட்டறையையே வயலுக்கு அழைத்து வருவது எளிது. மின்கம்பி எட்டாத அவ்விடத்தில் இரும்பை ஒட்ட வல்லது, எஞ்சினோடு பூட்டிய வெல்டிங் பிளாண்ட் ஒன்றே. அதனைச் செவ்வையாக ஓட்டும் வகை யாது என்பதை இங்கே சிறிது ஆராய்வோம்.

எஞ்சினைக் கொண்டு வாழும் வித்தை வன்னி மக்களுக்குப் புதியதன்று. 1990ஆம் ஆண்டில் போர் மீண்டும் மூண்டபின், ஓமந்தைக்கு வடக்கே ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மின்சாரம் என்பது எஞ்சினின் மறுபெயராகவே இருந்தது. எரிபொருளுக்கோ தடை. கார்பரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டுக் கிளப்பி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டப்பட்ட மோட்டார் சைக்கிள்களை நாற்பது வயது கடந்தோர் மறந்திரார். மண்ணெண்ணெய் குளிர்ந்த நிலையில் எளிதில் ஆவியாவதில்லை. எஞ்சின் சூடேறிய பின்னரே அது ஆவியாகி எரியத் தொடங்கும். ஆதலால் முதல் மூச்சுக்கு மட்டும் பெற்றோல் தேவைப்பட்டது. சைக்கிள் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலமும் அதுவே. 1831ஆம் ஆண்டில் மைக்கல் பரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலைப் பாடநூலில் மனனஞ் செய்யும் மாணவர், அதே தத்துவத்தைத் தம் பெற்றோர் சைக்கிள் மிதியில் அனுபவித்ததைக் கேட்டறிவது நன்று.

2009ஆம் ஆண்டின் பின்னர் தேசிய மின்வலையமைப்பு வவுனியாவிலிருந்து கிளிநொச்சி ஊடாகச் சுன்னாகம் வரை நீட்டப்பட்டது. எனினும் எஞ்சினின் தேவை ஒழிந்துவிடவில்லை. எரிபொருட் கவலையும் ஒழியவில்லை. 2021ஆம் ஆண்டின் முடிவில் லீற்றர் 121 ரூபாவாக இருந்த டீசல், 2022 ஜூனில் 460 ரூபாவாயிற்று. 87 ரூபாவுக்கு விற்ற மண்ணெண்ணெய் அவ்வாண்டு ஓகஸ்டில் ஒரே நாளில் 340 ரூபாவுக்கு ஏறிற்று. புகையாய்ப் போகும் ஒவ்வொரு துளியும் பணமே என்பதை அந்த ஆண்டு எல்லோருக்கும் உணர்த்திற்று.

இனி வெல்டிங்கின் இயல்பைக் காண்போம். கம்பிக்கும் இரும்புக்கும் இடையே சிறு வெளியில் மின்வில் எரிகின்றது. அதன் வெப்பம் பல்லாயிரம் பாகை; உருக்கு உருகுவதற்கு 1500 பாகை செல்சியசு அளவே போதும். வில்லைத் தொடக்குவதற்கு 60 முதல் 80 வரையான வோல்ற்று வேண்டும். தொடங்கியபின் 25 வோல்ற்று அளவில் அது நிலைத்து நிற்கும். சாதாரணமாகப் பயன்படும் 3.2 மில்லிமீற்றர்க் கம்பிக்கு ஏறத்தாழ 120 அம்பியர் ஓட்டம் தேவை. 25ஐ 120ஆற் பெருக்கினால் 3000 வாற்று. பிறப்பாக்கியில் ஏறக்குறையப் பாதி வெப்பமாய் வீணாகின்றதெனக் கொண்டால், எஞ்சின் 6000 வாற்று, அதாவது எட்டுக் குதிரைவலு, கொடுக்க வேண்டும். ஐந்து குதிரைவலு எஞ்சினை வைத்துக்கொண்டு பிளாண்டைக் குறைகூறுவோர் இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பாராக.

வில் போதிய வலுவின்றி எரிந்தால் நேரும் தீமை யாது? உருகிய உலோகம் மேலே அழகாகப் படிந்திருக்கும். அடியிலுள்ள இரும்போடு கலந்திராது. கண்ணுக்கு ஒட்டு, உண்மையில் ஒட்டன்று. அத்தகைய கொளுவியை நம்பி நெல்லேற்றி, மூடைகளின்மேல் நான்கு பேர் அமர்ந்து பிரதான வீதியிற் செல்லும் காட்சி நமக்குப் புதிதன்று. எஞ்சினின் சீரின்மை இவ்வாறு மனித உயிரோடு தொடர்புறுகின்றது.

சீர்செய்யப் புகுவோர் பெரும்பாலும் முதலிற் செய்வது வேகத்தைக் கூட்டுவதே. இது தவறான வழி. நான்கு துருவங்களும் 50 சுழற்சி மீடிறனும் உடைய பிறப்பாக்கி நிமிடத்துக்கு 1500 தடவை சுழலவேண்டும். 1650க்கு ஏற்றினால் மீடிறன் 55 ஆகும். மின்னழுத்தம் அளவு மீறும். அதன் துணைக் குதையிற் செருகிய விளக்குகள் கருகும். சுழலும் பாகங்களைப் பிய்க்க முயலும் விசையோ வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவது. பத்து வீத வேகத்துக்கு இருபத்தொரு வீதம் மிகும். இயந்திரத்தின் தகட்டிற் பொறித்த வேகமே வேதவாக்கு. சுமையின்றி ஓடும்போது அதனினும் சிறிது கூடுதலாக, 1560 அளவில் வைத்தால், வில் எரியுங்கால் அது தானாகவே 1500ஐ அண்டி நிற்கும்.

வேகத்தைக் காக்கும் பொறுப்பு கவர்னருடையது. வெல்டிங்கில் சுமை கண்ணிமைப்பில் வருகின்றது, கண்ணிமைப்பில் நீங்குகின்றது. நீரிறைக்கும் எஞ்சினுக்கு இத்தொல்லை இல்லை. கவர்னரின் இணைப்புக் கம்பிகள் தூசியும் எண்ணெயும் படிந்து இறுகியிருந்தால், எரிபொருள் வந்து சேருமுன் வில் அணைந்துவிடும், அன்றிக் கம்பி இரும்பில் ஒட்டிக்கொள்ளும். சுமையற்ற வேளையிலும் எஞ்சின் ஏறி இறங்கி மூச்சு வாங்குமாயின், அவ்விணைப்புகளையும் டீசல் குழாயினுட் புகுந்த காற்றையும் முதலில் ஐயுறுதல் வேண்டும்.

அடுத்தது காற்று. ஒரு லீற்றர் டீசல் முற்றாக எரிவதற்குப் பத்தாயிரம் லீற்றர் காற்றாவது தேவை. சோளகக் காற்று வீசும் மாதங்களில் வன்னியின் புழுதியை அறியாதார் யார்! அப்புழுதி அடைத்த வடிகட்டியால் எஞ்சின் மூச்சுத் திணறிக் கரும்புகை கக்கும். மண்ணெண்ணெய் அடுப்பின் சுவாலை மஞ்சளாகிப் பானையடியைக் கரியாக்குவதும் இதே காரணத்தாலேதான். திரியையும் துளைகளையும் துடைத்து அடுப்பைச் சீராக்கும் இல்லத்தரசி, எஞ்சின் மெக்கானிக்கின் பாதி வேலையை அறிந்தவரே ஆவார். நீலப்புகை எனின் மசகெண்ணெய் எரிகின்றது. அது துடைத்துத் தீர்க்கும் நோயன்று. டீசல் தாங்கியின் அடியிற் சேரும் நீரை வடித்தலும், வால்வு இடைவெளியை எஞ்சின் குளிர்ந்திருக்கையில் தயாரித்தோர் கூறிய அளவுக்கு வைத்தலும் வழக்கமான பராமரிப்பு. பட்டியால் இழுக்கும் பிளாண்டானால் பட்டியின் தளர்ச்சியையும் பார்க்க வேண்டும். எஞ்சின் கம்பீரமாக முழங்கும், பட்டி வழுக்கும், வில் வாடும்.

இத்தனையும் செய்தபின்னும் குறை தீராவிடின், அது பெரும்பாலும் எஞ்சினுக்கு வெளியே இருக்கின்றது. மாணவர் ஓமின் விதியை இங்கே பயன்படுத்திப் பார்க்கலாம். 25 சதுர மில்லிமீற்றர்ச் செப்புக் கம்பி வடம், போக 30 மீற்றர், வர 30 மீற்றர் என நீண்டு கிடந்தால் அதன் தடை ஏறத்தாழ 0.041 ஓம். 120 அம்பியர் பாயும்போது 5 வோல்ற்று வடத்திலேயே தொலைந்துபோம். வில்லுக்கு வேண்டிய 25 வோல்ற்றில் ஐந்திலொரு பங்கு இது! பிளாண்டை வேலைக்கு அருகே நகர்த்துவது, எஞ்சினை மாதக்கணக்கிற் பழுது பார்ப்பதினும் பெரும்பயன் தரும். துருவேறிய இரும்பின்மேல் மாட்டிய நிலக்கவ்வியும் இவ்வாறே வலுவைத் திருடும். அரத்தால் இரண்டு தேய்ப்புத் தேய்த்து, மினுங்கும் உலோகத்தில் அதனை இறுகக் கவ்வுதல் வேண்டும். மாரியில் ஈரம் குடித்த கம்பிகளும் வில்லைச் சிதறடிக்கும். அதற்கு எஞ்சின் என்ன செய்யும்?

ஒரு செய்தியை இங்கே வற்புறுத்த வேண்டும். மழைக்கு அஞ்சி எஞ்சினைக் கொட்டகையினுள் வைத்துக் கதவை மூடி ஓட்டுதல் ஆகாது. புகையிலுள்ள காபனோரொட்சைட்டு மணமற்றது. மயக்கம் வரும்வரை தன் வருகையை அறிவியாது.

சீர்செய்த பின் சோதிக்கும் முறை எளிது. இரண்டு பழந்தகடுகளை எடுத்து, ஒருபக்கம் மட்டும் ஒட்டி, ஆறவிட்டுக் கவ்வியில் இறுக்கிச் சுத்தியலால் அடித்து மடக்குக. ஒட்டு முறியாது தகடு வளைந்தால் வேலைக்குப் போகலாம். ஒட்டு முறிந்து, அம்முகத்திற் கரிய கசடும் உருகாத தகட்டு ஓரமும் தெரியுமாயின் வெப்பம் அடிவரை இறங்கவில்லை. அப்போது கொளுவியைத் தொடாது, நிலக்கவ்வியிலிருந்து தொடங்கி வடம், பட்டி, வடிகட்டி, கவர்னர் என்று பின்னோக்கிப் பார்த்து வருக.