பிடதியில் உருவாகும் நீள வண்டி

பெங்களூரை விட்டு மைசூரு சாலையில் போனால் பிடதி. அங்குள்ள டொயோட்டா ஆலையில்தான் ஹைலக்ஸ் பிக்கப்பின் பாகங்கள் பொருத்தப்பட்டு வண்டியாகிறது. இந்தியாவுக்கு அது வந்தது 2022-இல். அதன் போட்டி பிக்கப்பான இசுசு வி-கிராஸ் 2016-லேயே வந்துவிட்டது. நீளத்தில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

ஹைலக்ஸின் நீளம் 5,325 மி.மீ. அடுக்குமாடிக் கட்டடங்களின் கீழ்த்தளத்தில் ஒரு காருக்கு விடும் இடம் பெரும்பாலும் ஐந்து, ஐந்தரை மீட்டர்தான். நிறுத்துவதைவிடத் திருப்புவது கஷ்டம். திரும்பும் ஆரம் 6.4 மீட்டர் என்பதால் ஒரே வீச்சில் யூ-டர்ன் அடிக்கப் பதின்மூன்று மீட்டர் அகலம் வேண்டும். பெங்களூர் மல்லேஸ்வரத்துக் குறுக்குத் தெருக்களில் அதற்கு ஏது இடம்?

இந்த வண்டியின் பலம் எதுவோ, நகரத்தில் தொல்லையும் அதுவே. பின்சக்கரங்களின் மேல் பாரத்தைத் தாங்குவது எஃகுப் பட்டைகளை அடுக்கிய லீஃப் ஸ்பிரிங். சுமை ஏற்றினால் இதமாக அமுங்கிக்கொடுக்கும். காலியாக ஓட்டினால் அமுங்காது. ஹம்ப்புக்கு ஹம்ப் பின்னிருக்கைக்காரரைத் தூக்கிப் போடும். மழையில் நனைந்த தாரில் எடையில்லாத பின்சக்கரம் வழுக்கவும் செய்யும். நான்கு சக்கரத்துக்கும் விசை கொடுத்து ஓட்டலாமே என்றால், காய்ந்த தாரில் அது கூடாது. அந்த நிலையில் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாகப் பிணைந்துவிடும். வளைவில் முன்சக்கரம் அதிக தூரம் ஓடியாக வேண்டும். சேற்றில் சறுக்கிச் சமாளிக்கும், தாரில் முடியாமல் கியர்கள் முறுக்கிக்கொள்ளும்.

சுமைக்காவது உதவுமா? பின்னாலுள்ள சுமைத் தொட்டியின் நீளம் ஐந்தடிக்குச் சற்றே கூடுதல். ஆறடி மெத்தையை நீளவாக்கில் வைத்தால் பின்கதவு மூடாது. தொட்டியில் ஏற்றக்கூடிய பாரம் அரை டன்னை எட்டாது. தமிழ்நாட்டில் குட்டி யானை என்று பெயர் வாங்கிய டாடா ஏஸ் 3.8 மீட்டர் நீளத்தில் முக்கால் டன் சுமக்கும், திரும்ப 4.3 மீட்டர் ஆரம் போதும். வருடத்தில் ஓரிரு முறை சாமான் ஏற்றுபவர் அதை வாடகைக்கு எடுப்பதே புத்திசாலித்தனம்.

வெள்ளத்துக்காவது உதவுமா? 2022 செப்டம்பர் வெள்ளத்தில் பெங்களூர் வெளிவட்டச் சாலைப் பக்கம் மென்பொருள் ஊழியர்கள் டிராக்டரில் ஏறி அலுவலகம் போனார்கள். ஹைலக்ஸ் 700 மி.மீ. தண்ணீரில் இறங்கும் என்கிறது நிறுவனம். ஆனால் அந்தத் தண்ணீருக்கடியில் மூடியில்லாத சாக்கடை இருந்தால் எந்த வண்டியும் தப்பாது.

சக்லேஷ்பூர், குடகு காபித் தோட்டக்காரர் இதை வாங்கலாமா என்று கேட்டால் என் பதில் வேறு. வீட்டார் நால்வரோடு எட்டு உரமூட்டைகள் வரை ஏற்றிக்கொண்டு ஈரச் செம்மண் மேட்டில் ஏற, லோ கியரும் அந்த முரட்டு ஸ்பிரிங்கும்தான் வேண்டும். அவர் வாங்கலாம். தோட்டத்து வளைவுகளை மட்டும் முன்கூட்டியே அளந்துகொள்ளட்டும்.