10 வயதைக் குறைத்துச் சொன்ன எழுத்தாளர்... கல்லறைவரை தொடர்ந்த பொய்!

1917-ம் ஆண்டு. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் இலவசமாகப் பள்ளிப்படிப்பு படிக்க ஆசைப்பட்டார் ஒரு பெண். அவருக்கு அப்போது 26 வயது. உண்மையைச் சொன்னால் இடம் கிடைக்காது. 1901-ல் பிறந்ததாகச் சொல்லி, கூசாமல் பத்து வயதைக் குறைத்துக்கொண்டார். அதன்பிறகும் அவர் உண்மையான வயதைச் சொல்லிக்கொள்ளவில்லை.

அவர்தான் நாவலாசிரியர் ஸோரா நீல் ஹர்ஸ்டன்.

வளர்ந்த ஊர், ஃப்ளோரிடாவின் ஈட்டன்வில். கறுப்பின மக்களே உருவாக்கி, அவர்களே நிர்வகித்த ஊர். ஸோராவின் அப்பா அங்கே மேயராகவும் இருந்தவர். மளிகைக்கடைத் திண்ணையில் பெரியவர்கள் அளக்கும் கதைகள்தான் ஸோராவின் முதல் பாடம். 13 வயதில் அம்மா இறந்துபோக, படிப்பு தடைப்பட்டது. வீட்டுவேலைகள் செய்து பிழைத்தார்.

விட்ட படிப்பைப் பிடித்து, 1928-ல் நியூயார்க்கின் பர்னார்ட் கல்லூரியில் பட்டமும் வாங்கினார். மானுடவியல் அறிஞர் ஃபிரான்ஸ் போவாஸிடம் பாடம் கற்றவர், கதை சேகரிக்கத் திரும்பிப் போனது அதே ஈட்டன்வில் திண்ணைக்குத்தான்!

1937-ல் வெளியான 'தேர் ஐஸ் வேர் வாட்சிங் காட்' நாவலை ஹைட்டியில் ஏழே வாரங்களில் எழுதினார். நாயகி ஜேனிக்கு மூன்று திருமணங்கள். இரண்டாவது கணவர் ஊர் மேயர், கடை முதலாளி. வசதிக்குக் குறைவில்லை. ஆனால், அந்தக் கடைத் திண்ணையில் எல்லோரும் கதை பேச, ஜேனி மட்டும் வாய் திறக்கக் கூடாது. பேசும் உரிமை யாருக்கு? ஸோராவின் எழுத்தில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி இது. அவரது மனிதர்கள் பேச்சுவழக்கிலேயே சிரிப்பார்கள், காதலிப்பார்கள், சண்டை போடுவார்கள். இதில் போராட்டக் குரல் எங்கே என்று சக கறுப்பின எழுத்தாளர் ரிச்சர்ட் ரைட்டே கடுமையாக விமர்சித்தார். இன்று வாசித்தால், ஜேனி வாய் திறக்கும் இடமே பெரிய போராட்டம்தான்.

எழுத்து சோறு போடவில்லை. 1950-ல் மியாமியில் ஒரு வீட்டில் பணிப்பெண்ணாக இருந்தார். 1960-ல் ஃபோர்ட் பியர்ஸில், அரசு ஆதரவு இல்லத்தில் இறந்தார். தெரிந்தவர்கள் பணம் திரட்டி அடக்கம் செய்தார்கள். கல்லறையில் பெயர்கூட இல்லை. அவரது காகிதங்களைக் குப்பையென்று எரித்துக்கொண்டிருந்தபோது, அந்த வழியாக வந்த காவல் அதிகாரி நண்பர் தீயை அணைத்து மிச்சத்தைக் காப்பாற்றினார்.

1973-ல் இளம் எழுத்தாளர் ஆலிஸ் வாக்கர், ஸோராவின் உடன்பிறந்தவர் மகள் என்று சொல்லிக்கொண்டு அந்த ஊருக்குப் போனார். அதுவும் பொய்தான்! இடுப்பளவு புதருக்குள் கல்லறையைத் தேடி, தன் செலவில் ஒரு கல் நட்டார்.

அந்தக் கல்லில் பிறந்த ஆண்டு, 1901.