நெஞ்சுவலியும் இரத்தப் பரிசோதனையும்: எண்ணோடு நேரத்தையும் பாருங்கள்

கற்பிட்டிக்கு வடக்கேயுள்ள பத்தலங்குண்டுத் தீவில் வாடியடித்துத் தங்கும் மீனவருக்கு நெஞ்சுவலி வந்தால், படகேறிக் கற்பிட்டிக்கு வந்து, அங்கிருந்து தரைவழியே புத்தளம் ஆதார வைத்தியசாலையை அடைய மணிக்கணக்காகிவிடும். மாரடைப்பைக் கண்டறிய உதவும் ட்ரோபோனின் பரிசோதனையின் முடிவு இந்த நேரக்கணக்கைப் பொறுத்தே பொருள்படும். ட்ரோபோனின் என்பது தசைச் சுருக்கத்தை ஒழுங்குபடுத்தும் புரதத் தொகுதி. 1960களில் ஜப்பானிய அறிஞர் செட்சுரோ எபாஷி கண்டறிந்தது. அதன் ஐ, டி என்னும் கூறுகள் இதயத் தசையில் தனி வடிவம் கொண்டவை. இரத்தக் குழாய் அடைபட்டு இதயத் தசை மடியும்போது அவை இரத்தத்தில் கசிகின்றன. வழமையான பரிசோதனையில் தென்பட 3 முதல் 4 மணி நேரம் வேண்டும். சுமார் ஒரு நாளுக்குள் உச்சத்தை எட்டி, ஒரு வாரத்துக்கு மேலும் நீடிக்கும்.

ஆகவே, வலி தொடங்கி ஒரு மணி நேரத்தில் எடுத்த இரத்தத்தில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் இதயத்துக்குப் பாதிப்பில்லை என்று முடிவுகட்ட முடியாது. சில மணி நேரம் கழித்து வைத்தியர்கள் மீண்டும் இரத்தம் எடுப்பது அதனால்தான். மறுபுறம், முன்பு பெரிதும் நம்பப்பட்ட சிகே-எம்பி நொதியம் இரண்டு மூன்று நாளில் வழமைக்குத் திரும்பிவிடும். கடலிலிருந்து தாமதித்துக் கரைசேர்பவரிடமும் நடந்த பாதிப்பை ட்ரோபோனின் காட்டிக்கொடுக்கும்.

சிறுநீரக நோயிலும் இதயத் தசை அழற்சியிலும் ட்ரோபோனின் உயருமே, அதை எப்படி நம்புவது என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். ஆனால் நாட்பட்ட சிறுநீரக நோயில் அளவு பெரும்பாலும் ஒரே நிலையில் நிற்கும். மாரடைப்பில் மணிக்கு மணி ஏறி, பிறகு இறங்கும். அழற்சியிலும் அது ஏறி இறங்கக்கூடும் என்பதால் நோய்க்குறிகளும் ஈசிஜியும் சேர்ந்தே தீர்ப்புச் சொல்கின்றன. அப்படியானால் இரத்த முடிவு வரும்வரை காத்திருக்கலாமா? கூடாது. ஈசிஜியில் குழாய் முழுமையாக அடைபட்டதன் அடையாளம் தெரிந்தால் உடனே சிகிச்சை தொடங்க வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் தசை மடிகிறது.

நெஞ்சுவலி வந்தால் வாயுத்தொல்லை என்று கைவைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். வலி தொடங்கிய நேரத்தைக் குறித்துவைத்து வைத்தியரிடம் முதலில் சொல்லுங்கள். பரிசோதனை எண்ணுக்குப் பொருள் தருவது அதுவே.